விரைவுப் பாதை வரையப்படும் முன் வன்னி மக்களைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியின் உட்பகுதிகளைப் பிரதான புகையிரதப் பாதையோடு இணைக்கும் விரைவுப் போக்குவரத்து வழி ஒன்று வேண்டும் என்பது எங்கள் பகுதி மக்களின் நெடுநாளைய ஆசை. அது தண்டவாளத்தில் ஓடும் ரயில் பஸ்ஸாக அமைவதா, தனித் தடத்தில் ஓடும் விரைவுப் பேருந்தாக அமைவதா என்பதை நிபுணர்கள் ஆராயட்டும். எதுவாயினும், வரைபடத்தில் முதற்கோடு விழுவதற்கு முன்னரே மக்களின் கருத்து கேட்கப்பட வேண்டும் என்பதையும், சொன்ன கருத்துக்கு எழுத்தில் பதில் தரப்பட வேண்டும் என்பதையும் வலியுறுத்தவே இதனை எழுதுகிறேன்.

1990 இல் வவுனியாவுக்கு வடக்கே நின்றுபோன புகையிரதம் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தது. அந்த மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை. ஆனால் பழைய பாதையே மீளமைக்கப்பட்டதால், இருபது ஆண்டுகளுக்கு மேல் தண்டவாளம் இல்லாதிருந்த நிலத்தில் எந்த ஒழுங்கைகள் புதிதாக உண்டாகியுள்ளன, பிள்ளைகள் எவ்வழியால் பள்ளிக்கூடம் போகிறார்கள், மாடுகள் எங்கே கடக்கின்றன என்பவற்றை ஊராரிடம் விரிவாகக் கேட்டறியும் தேவை எவருக்கும் தோன்றவில்லை. அதனாலேயே பாதுகாப்பற்ற கடவைகளைப் பற்றி உயிர்கள் போன பின்னர் பேச வேண்டியதாயிற்று. புதிய பாதைக்கு இந்த நிலை வரக்கூடாது.

முல்லைத்தீவு நகருக்கு இன்றுவரை புகையிரதம் இல்லை. நகரை எட்டுவதற்கு இரு பெருவீதிகள் இருக்கின்றன. பரந்தனில் தொடங்கி தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு வழியாக வட்டுவாகலைக் கடந்து செல்வது ஏ35 வீதி. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகச் செல்வது ஏ34 வீதி. இரண்டுமே ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் நீளமானவை. கொழும்புக்குப் போகிறவருக்கு மாங்குளம் பக்கமே சுருக்கம். கிளிநொச்சி வைத்தியசாலைக்கோ யாழ். போதனா வைத்தியசாலைக்கோ மாதந்தோறும் கிளினிக்குப் போகிற நோயாளிக்கும், யாழ்ப்பாணத்தில் படிக்கிற பிள்ளைக்கும் பரந்தன் பக்கமே வசதி. இவற்றுள் எவருடைய பயணத்தை முதன்மையாகக் கொள்வது என்பதைப் பொறியியல் கணக்கு மட்டும் தீர்த்துவிடாது. அந்தப் பயணத்தைச் செய்கிறவர்களின் சொல்லும் அதற்கு வேண்டும்.

இங்கே திட்டமிடுவோர் தவறவிடக்கூடிய ஒன்று உண்டு. வழக்கமாக இத்தகைய ஆய்வுகளில் இப்போது பஸ்ஸில் போகிறவர்களைத்தான் எண்ணுவார்கள். பின்னேரம் கிளிநொச்சியில் இறங்கி, விசுவமடுவுக்கான கடைசி பஸ்ஸையும் தவறவிட்டு, முச்சக்கர வண்டிக்கு ஒரு நாட்கூலியைக் கொடுத்து வீடு சேர்கிறவர் அந்த எண்ணிக்கையில் வரமாட்டார். திரும்பி வர வழியில்லை என்பதற்காகவே வேலைக்குப் போகாமல் நின்றுவிட்ட பெண்ணும் வரமாட்டாள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை ஒரு இலட்சத்தையும் எட்டவில்லை. மொத்தப் பரப்பளவோ 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். இவ்வளவு ஐதாக மக்கள் வாழும் இடத்தில், போகாத பயணங்களைக் கேட்டறியாமல் செய்யப்படும் கணக்கு, "ஆட்கள் இல்லை, சேவை தேவையில்லை" என்ற முடிவிலேயே போய் நிற்கும்.

சில காலத்துக்கு முன்னர் வீதி அபிவிருத்தி தொடர்பான கருத்தறியும் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். சுவரில் விழுந்த படத்தில் ஊர்ப்பெயர்கள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. பின்வரிசையில் இருந்த முதிய கமக்காரர் ஒருவர் எழுந்து முன்னால் வந்து, படத்தின்மேல் விரலை வைத்து, "இதிலை எங்கடை வாய்க்கால் எங்கை தம்பி?" என்று கேட்டார். அந்த வாய்க்கால் படத்தில் இல்லை. "அது அடுத்த கட்டத்தில் பார்ப்போம், ஐயா" என்ற விடையோடு கூட்டம் முடிந்தது. வாசலில் எல்லோரிடமும் ஒப்பம் வாங்கினார்கள். வரவுக்காக இட்ட அந்த ஒப்பங்களே மக்கள் உடன்பட்டதற்கான சான்றாகப் பின்னர் காட்டப்பட்டன என அறிந்தபோது மனம் மிகவும் வருந்தியது.

அந்தக் கமக்காரர் கேட்டது சின்ன விடயமன்று. பாதைக்காக மண்ணை உயர்த்தி அணை கட்டினால் மழைநீர் எங்கே தேங்கும், எந்த இடத்தில் எவ்வளவு அகலமான மதகு வேண்டும் என்பது வயலில் நிற்கிறவருக்குத் தெரியும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு நீர் எவ்வழியால் பாய்ந்தது என்பதை இடம்பெயர்ந்த குடும்பங்கள் அடையாளம் காட்டும். யானை காட்டிலிருந்து இறங்கும் வழிகளும் அப்படியே. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பகுதியில் மட்டக்களப்புப் புகையிரதத்தில் மோதுண்டு ஆறு யானைகள் இறந்ததை நாம் மறந்துவிடலாகாது. மாங்குளம்–ஒட்டுசுட்டான் காட்டுவழியை எண்ணும்போது எனக்கு அந்தக் கவலையே முதலில் வருகிறது.

சட்டத்தில் இடமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், சுற்றாடல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்களின் கருத்துக்காக முப்பது நாட்கள் திறந்து வைக்கப்பட வேண்டும். 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தல் சட்டமும் எதிர்ப்பைத் தெரிவிக்க இடமளிக்கிறது. ஆயினும் இவை இரண்டும் பாதை ஏறத்தாழ முடிவான பின்னரே வருகின்றன. அந்த முப்பது நாட்கள் காலபோக அறுவடைக்குள் விழுந்தால் எந்தக் கமக்காரர் பிரதேச செயலகத்துக்குப் போய் தடித்த அறிக்கையைப் படிப்பார்? மேலும், போரில் ஆவணங்களை இழந்து, காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக்கூடக் காட்ட முடியாதவர்கள் இங்கே பலர் உள்ளனர். காணிக்குரியவரின் குரலை மட்டும் கேட்கும் நடைமுறையில் அவர்கள் முற்றாக விடுபட்டுப் போவார்கள்.

கொழும்பில் நடந்ததையும் பார்த்தோம். கோட்டையிலிருந்து மாலபேக்கு ஜப்பானியக் கடனுதவியுடன் திட்டமிடப்பட்ட இலகு ரயில் பாதைக்கு 2019 மார்ச்சில் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 2020 செப்டெம்பரில் அத்திட்டமே நிறுத்தப்பட்டது. நாள்தோறும் அந்த நெரிசலில் போய்வரும் பயணிகளிடம் நிறுத்துவதற்கு முன் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. மக்களின் கருத்து திட்டத்தின் தொடக்கத்திலேயே பதிவாகி, பகிரங்கமாக இருந்திருந்தால் அதனை அவ்வளவு இலகுவாகக் கைவிட்டிருக்க முடியாது என்றே நம்புகிறேன்.

ஆகவே உரிய அதிகாரிகளிடம் நான் வேண்டுவது இது. கூட்டங்களை மாவட்டச் செயலகத்தில் மட்டும் வைக்காமல், விசுவமடு, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், முள்ளியவளை ஆகிய ஊர்களின் பொதுநோக்கு மண்டபங்களில், வேலை முடிந்து வரும் நேரத்தில், தமிழில் நடத்துங்கள். கமக்காரர் அமைப்புகளையும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களையும் மாணவர்களையும் தனித்தனியே சந்தியுங்கள். போரில் கால் இழந்தவர்களை அழைத்து, தரிப்பிடத்தின் உயரமும் வண்டியின் படியும் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவர்களிடமே கேளுங்கள். ஊர் சொன்னவற்றுள் எதை ஏற்றீர்கள், எதை என்ன காரணத்தால் ஏற்கவில்லை என்பதைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு கிராம அலுவலர் அலுவலகத்திலும் ஒட்டுங்கள். வரவுப் பதிவில் இட்ட ஒப்பத்தைச் சம்மதமாகக் கொள்வதில்லை என்பதை அந்தத் தாளின் தலைப்பிலேயே அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
விசுவமடு.