வெல்டிங் வைத்த ஸ்டீரிங் ராடோடு பாம்பன் பாலம் ஏறலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். மணல் பாதையில் நாற்றை ஏற்றிக்கொண்டு, அதே வண்டியில் பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் அன்றாட வேலை. வண்டி பழைய மஹிந்திரா எம்.எம்.540 ஜீப். மணலுக்கும் தார்ச்சாலைக்கும் ஒரே ஜீப்பை வைத்துக்கொண்டு தினமும் ஓட்டுகிறவர்கள் எங்கள் தீவில் நிறையப் பேர். அவர்களுக்காகவும், வாகனங்களைச் சோதிக்கும் அதிகாரிகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

மணலில் புதையக்கூடாது என்று முதலில் பெரிய டயர் போடுகிறார்கள். டயர் உரசுகிறது என்று, ஸ்பிரிங் பட்டையைச் சேஸிஸோடு பிணைக்கிற ஷாக்கிளை நீளமானதாகப் போட்டோ, ஸ்பிரிங் பட்டையை அச்சுக்குக் கீழிருந்து மேலே மாற்றியோ வண்டியை உயர்த்துகிறார்கள். இவ்வளவுக்கும் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, ஸ்டீரிங்கை மட்டும் கடைசியில் கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுகிறார்கள்.

வண்டி உயரும்போது ஸ்டீரிங் பெட்டி சேஸிஸோடு மேலே போய்விடும். அச்சும் சக்கரமும் கீழேயே நிற்கும். இரண்டையும் இணைக்கிற டிராக் லிங்க் ராட் இதனால் அதிகமாகச் சரிந்துவிடுகிறது. அப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சு ஏறி இறங்க, அந்த ராட் சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும்; நாம் கையை அசைக்காமலே வண்டி திரும்பும். நீளமான ஷாக்கிள் போட்டால் முன் அச்சு முன்புறம் சாய்ந்து, சக்கரத்தைத் தானே நேராக்குகிற காஸ்டர் கோணமும் குறைகிறது. திருப்பம் முடிந்தால் தானாக நேரே வரவேண்டிய ஸ்டீரிங் வராது. வேகம் கூடினால் முன்சக்கரங்கள் உதறும். ஸ்டீரிங் டாம்பர் போட்டால் உதறல் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும்.

இதைவிட மோசம், ராட் எட்டவில்லை என்று நடுவில் வெட்டித் துண்டு வைத்து வெல்டிங் செய்வது. வெல்டிங்கை ஒட்டிய இரும்பு சூட்டில் குணம் மாறி, விரிசலுக்கு இடம் கொடுக்கும். எங்கள் ஊர் உப்புக்காற்று அந்த விரிசலுக்குள் துருவாக இறங்கும். மேலே கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டால் யார் கண்ணிலும் படாது. போன மழைக்காலத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவரின் ஜீப்பில், அக்காள்மடம் பக்கம் இந்த ராட் ஒடிந்தது. ஸ்டீரிங் கையில் சும்மா சுற்ற, வண்டி சாலையோரக் கருவேல முள்ளுக்குள் போய் நின்றது. மெதுவாக வந்ததால் ஆள் தப்பினார். ஒடிந்த துண்டை நான் வாங்கிப் பார்த்தேன். முறிந்த இடத்தில் பாதிக்கு மேல் பழைய துரு. மீதி மட்டும்தான் அன்று உடைந்த பளபளப்பான இரும்பு. பல நாளாகவே உடைந்துகொண்டு இருந்திருக்கிறது. அந்த ராடோடுதான் அவர் தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்தார்.

பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 வரை ரயில் ஓடியபோது, காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் சிக்னல் விழாது, ரயில் நின்றுவிடும். பக்கத்துச் சாலைப் பாலத்தில் ஜீப்பை நிறுத்துவார் யாரும் இல்லை. ஆடி மாதக் கச்சான் காற்றில், கடல் பார்க்க இறங்கிய கூட்டத்துக்கும் எதிரே வரும் பேருந்துக்கும் நடுவே, தன் போக்கில் அலைகிற ஸ்டீரிங்கோடு ஒரு வண்டி வருவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டயரில் காற்றை இறக்கி மணலில் ஓட்டும்போது பவர் இல்லாத ஸ்டீரிங் தோளைப் பிடுங்கிவிடும். நானும் பவர் ஸ்டீரிங் போட்டுத்தான் ஓட்டுகிறேன். ஆனால் ராட் ஒட்டில்லாத முழு ராடாக இருக்க வேண்டும். அதன் சரிவைக் குறைக்க, சக்கரப் பக்கத்து இணைப்பை மேலேற்றும் ஆர்மைப் போட வேண்டும். ஸ்டீரிங் பெட்டி உட்காரும் இடத்தில் சேஸிஸ் துருப்பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டும் திருப்பிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பவர் ஸ்டீரிங்கை இயக்குகிற பெல்ட் அறுந்தால் அந்தக் கனத்தோடுதான் ஓரங்கட்டியாக வேண்டும். இன்னொன்று, பவர் ஸ்டீரிங்கில், ராட் முனையில் இருக்கிற உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் தேய்வது கைக்குத் தெரியாது. ஒருவர் ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி நிறுவனம் வகுத்ததற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சரி. ஆனால் நடப்பது என்ன? நல்ல பட்டறைக்காரர் பயந்து மறுக்கிறார். பில் இல்லாமல் செய்கிற இடத்துக்கு வண்டி போகிறது. சாலையில் மடக்கும்போது டயரையும் பம்பரையும் ஹாரனையும் பார்க்கிறார்கள், குனிந்து ராடைப் பார்ப்பவர் இல்லை. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு புதுப்பிக்கும் சோதனை வருவதே 15 ஆண்டு கழித்துத்தான். மத்திய மோட்டார் வாகன விதி 98 தெளிவாக இருக்கிறது: ஸ்டீரிங் பிளே, அதாவது சக்கரம் திரும்பாமல் ஸ்டீரிங் சும்மா ஆடும் அளவு, 30 டிகிரியைத் தாண்டக்கூடாது, பால் ஜாயின்ட்களுக்கு ரப்பர் மூடி வேண்டும், போல்ட்டும் பின்னும் கழன்றுவிடாதபடி பூட்டியிருக்க வேண்டும். இதைப் பார்க்க டார்ச் லைட் ஒன்று போதும்.

கடற்கரை ஊர்களில் ஓடும் ஜீப்புகளுக்கென்று மாவட்டப் போக்குவரத்துத் துறை ஒரு ஸ்டீரிங் சோதனை முகாம் நடத்த வேண்டும். வெல்டிங் வைத்த ராடைக் கண்டால் அங்கேயே கழற்றச் சொல்லட்டும். முறையாகச் செய்த மாற்றத்தை ஆய்வு செய்து பதிவுச் சான்றில் ஏற்ற ஒரு வழியை அரசு வகுக்கட்டும். முகாம் மண்டபம் ஊரில் நடந்தாலும் சரி, ராமநாதபுரத்தில் நடந்தாலும் சரி, என் ஜீப்பை முதல் ஆளாகக் கொண்டுவந்து நிறுத்தத் தயார்.

இப்படிக்கு,
நாற்றுப் பண்ணை விவசாயி,
தங்கச்சிமடம்.