டி-மேக்ஸ் நெகடிவில் ஊதா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இருட்டறையை மறுபடி திறந்துவிட்டாய் என்பதில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி. கோடாக்கின் கருப்பு-வெள்ளை பிலிமான டி-மேக்ஸின் நெகடிவ்கள் ஊதாவாக நிற்கின்றன, படத்தை வெளிக்கொணரும் டெவலப்பரை மாற்றட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். உன் டெவலப்பர் டி-76 மேல் குற்றமில்லை, மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து நீக்கும் பிக்ஸரைப் பார்.

பழைய வகை பிலிமில் வெள்ளி புரோமைடு படிகங்கள் கூழாங்கற்கள் மாதிரி திரண்டிருக்கும். 1980களில் கோடாக் கொண்டுவந்த, டி-மேக்ஸில் உள்ள டி-கிரெய்ன் படிகமோ தட்டை. அதே வெள்ளிக்கு மேற்பரப்பு அதிகம். வெள்ளி புரோமைடு தானாக உணர்வது நீலத்தையும் புறஊதாவையும்தான். பச்சையும் சிவப்பும் பதிய, படிகத்தின் மேல் சாயம் ஒட்ட வேண்டும். 1873இல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபோகல் கண்டுபிடித்தது இது. பரப்பு கூடினால் கூடுதல் சாயம் ஒட்டும், படிகம் பருக்காமலே வேகம், அதாவது ஒளியுணர்வு, கிடைக்கும். பிக்ஸரில் வெளியேறாமல் நின்ற அந்தச் சாயத்தின் மிச்சம்தான் நீ பார்க்கும் ஊதா.

படிகத்தில் கொஞ்சம் அயோடைடும் உண்டு. வெள்ளி அயோடைடு பிக்ஸரில் உள்ள ஹைப்போவில் லேசில் கரையாது. கரைந்த அயோடைடும் பிக்ஸரிலேயே சேர்ந்து அடுத்த ரோல் தெளிவதை இழுத்தடிக்கும். அதனால் இந்த பிலிமுக்கு பிக்ஸர் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

சோதிப்பது எளிது, வெளிச்சத்திலேயே செய்யலாம். அதே பிலிமின் டெவலப் செய்யாத நுனித் துண்டு ஒன்றின் நடுவில் ஒரு சொட்டு பிக்ஸர் விடு. அரை நிமிடம் கழித்து துண்டு முழுவதையும் பிக்ஸரில் முக்கிக் கடிகாரத்தைப் பார். சொட்டு விழுந்த வட்டம் முதலில் தெளியும். சுற்றியுள்ள பால்நிறமும் தெளிந்து வட்டம் தெரியாமல் போகும் நேரமே தெளியும் நேரம். சாதாரண பிலிமுக்கு அதைப் போல் இரு மடங்கு, டி-மேக்ஸுக்கு மூன்று மடங்கு கொடு. புதுக் கரைசலில் ஆனதைவிடத் தெளிய இரட்டிப்பு நேரம் பிடித்தால் பிக்ஸரைத் தூக்கிப்போடு.

லேசான சாயல் பிரிண்டைக் கெடுக்காது, விட்டுவிடு. திட்டுத் திட்டாக அழுத்தமாய் இருந்தால், காய்ந்த நெகடிவையும் தண்ணீரில் ஊறவைத்துப் புது பிக்ஸரில் மறுபடி போட்டு நன்றாகக் கழுவலாம்.

இரவுப் படங்களுக்குப் பழைய வகை பிலிமான டிரை-எக்ஸா டி-மேக்ஸ் 100ஆ என்றும் கேட்டிருந்தாய். டி-மேக்ஸ்தான். மங்கல் ஒளியில் படிகத்தில் உருவாகும் முதல் வெள்ளி அணு நிலைக்காது. அடுத்தது வந்து சேருமுன் சிதைந்துவிடும். அதனால் ஒளியை அளக்கும் மீட்டர் 10 வினாடி காட்டினால் டிரை-எக்ஸுக்கு 50 வினாடி கொடுக்க வேண்டும், டி-மேக்ஸ் 100க்கு 15 போதும்.

தெளியும் நேரம் எவ்வளவு வந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்