முதலில் எங்கள் மூன்றாம் கவுண்டரில் போட்டுப் பாருங்கள்

கொழும்புத் தலைமை அலுவலகத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவினருக்கு,

வணக்கம்.

மைக்ரோசொப்ட் ஒபிஸ் மென்பொருளின் புதிய பதிப்பை எல்லாக் கிளைகளுக்கும் ஒரே இரவில் நீங்கள் தள்ளியதால், புதன்கிழமை எங்கள் நகை அடைவுக் கிளையில் பற்றுச்சீட்டு அடிக்க முடியாமல் போனதை உங்களுக்கு நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணக் கிளையிலிருந்து மட்டும் பதினொரு முறைப்பாடுகள் வந்ததாக உங்கள் பட்டியலிலேயே இருக்கும். அவற்றில் ஆறு நான் போட்டவை. ஆறுக்கும் ஒரே பதில்: கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அணைத்துப் போட்டோம். மதியம் வரைக்கும் அணைத்துப் போட்டுக்கொண்டே இருந்தோம்.

மூடிய கடிதத்துக்கு இயந்திரம் பதில் எழுதுகிறது, அதனால் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் கேட்கப்போவது ஒன்றே ஒன்று. எந்த அப்டேட்டையும் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே இரவில் தள்ளுவதற்கு முன், எங்கள் கிளையின் ஒரு கணினியில் போட்டுப் பாருங்கள். ஒரு கணினி போதும்.

பழைய ஒபிஸை மாற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு வாதமில்லை. ஒபிஸ் 2016-க்கான மைக்ரோசொப்டின் ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் வராத மென்பொருளில் மற்றவர்களின் நகைக் கணக்கை வைத்திருப்பது சரியில்லை. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வனாக்ரை வைரஸ் உலகத்தைச் சுற்றியபோது, அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் அகப்பட்டார்கள். இதையெல்லாம் அறிந்துகொண்டுதான் எழுதுகிறேன். அப்டேட் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் கிளார்க் என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.

காலை எட்டரைக்குக் கிளையைத் திறந்தபோது பதினான்கு கணினியும் ஒன்றாக இறக்கிக்கொண்டிருந்தன. இருப்பது ஒரே ஒரு இணைய லைன். ஒரு கணினி இறக்கியதை மற்றவை அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும் வசதி விண்டோஸில் இருக்கிறது, ஒபிஸுக்கும் அது வேலைசெய்யும் என்று பிறகு படித்தேன். சரி, அதை விடுவோம். பத்தேகாலுக்கு ஒருவழியாக எல்லாம் இறங்கி முடிந்தது. வில்லங்கம் அதற்குப் பிறகுதான்.

அடைவுப் பற்றுச்சீட்டு அடிக்கும் எக்செல் தாளை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, அது நீங்கள் அனுப்பியது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் வட்டியைக் கணக்குப் பார்த்து, டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் இரண்டு பிரதி அடித்துத் தரும். புதன்கிழமை அழுத்தியபோது பிழை என்று ஒரு பெட்டி வந்தது. உள்ளே இருக்கும் குறியீடு இந்த ஒபிஸின் பதிப்புக்கோ கட்டமைப்புக்கோ பொருந்தாமல் இருக்கலாம் என்று அந்தப் பெட்டியிலேயே எழுதியிருந்தது. அதை அப்படியே படமெடுத்து முறைப்பாட்டோடு அனுப்பினேன். அணைத்துப் போடச் சொன்னீர்கள். தாளைத் திறந்து உள்ளே பார்க்க எங்களால் முடியாது. கடவுச்சொல் கொழும்பில் இருக்கிறது. எழுதியவர் கம்பனியை விட்டுப் போய்ப் பல வருடமாம். கடவுச்சொல்லையாவது கொடுத்துவிட்டுப் போனாரே, அந்த மட்டில் புண்ணியம்.

அன்று கிளை திறக்க முன்பே வாசலில் நின்றவர் நெடுந்தீவிலிருந்து வந்த ஐயா ஒருவர். எழுபது தாண்டியிருக்கும். விடியப் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து வந்திருந்தார். இரண்டு பவுண் சங்கிலியை மீட்க வேண்டும். மறுநாள் காலை பேரனுக்குப் பொன்னுருக்கு, அந்தப் பவுணையும் சேர்த்துத்தான் தாலிக்கொடி. முதலும் வட்டியும் ஒரு ரூபாய் குறையாமல் எண்ணி, சீலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

சங்கிலி பெட்டகத்தில் இருந்தது, அவர் நின்ற இடத்திலிருந்து இருபது அடிகூட இல்லை. ஆனால் கணினிப் பற்றுச்சீட்டு இல்லாமல் நகை வெளியே போகக்கூடாது, கையால் எழுதவும் கூடாது என்பது தலைமை அலுவலகச் சுற்றுநிருபம். அதையும் நான் குறை சொல்லமாட்டேன். கையால் எழுதிய காலத்துத் தில்லுமுல்லுகள் எங்களுக்கும் தெரியும்.

“பிள்ளை, இன்னும் சரிவரேல்லையோ?” என்று அரை மணிக்கொருதரம் கேட்டார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். பதினொன்றரைக்கு முகாமையாளர் அவரைத் தன் அறையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். அந்த அறை அலுமாரியின் மேல் பழைய பற்றுச்சீட்டுக் கொப்பி ஒன்று தூசி பிடித்துக் கிடக்கிறது. அதை ஐயா கண்டுவிட்டார். “உந்தக் கொப்பியில எழுதித் தரேலாதோ பிள்ளை? நான் கையெழுத்து வைக்கிறன்.” அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. கொழும்பு, சேர்வர், அப்டேட் என்று ஏதோ சொல்லியிருப்பேன். அவர் தலையை ஆட்டினார். கடைசிப் படகைப் பிடிக்கவேண்டிய பஸ் போன பிறகும் அதே கதிரையில்தான் இருந்தார்.

இரவு கொக்குவிலில் தூரத்து உறவுக்காரர் வீட்டில் தங்கி, வியாழன் விடிய வெறுங்கையோடு திரும்பினார். போய்ச் சேர முன்னமே நேரம் கடந்துவிட்டது. மருமகளின் மோதிரத்தை வைத்துப் பொன்னுருக்கியதாக, வெள்ளிக்கிழமை சங்கிலியை எடுக்க மறுபடியும் கடல் தாண்டி வந்தபோது சொன்னார். இரண்டு நாள் கூடுதல் வட்டியை முகாமையாளர் தன் பையிலிருந்து கட்டினார். அந்தக் கணக்கு உங்களுக்கு வராது.

வெள்ளி காலைதான் உங்கள் பொறியியலாளர் ஒருவர் திருத்திய தாளை அனுப்பி, காரணத்தையும் இரண்டு வரியில் எழுதியிருந்தார். அவருக்கு மனமார்ந்த நன்றி, மூன்று நாளில் ஒரு மனிதர் எழுதிய பதில் அது ஒன்றுதான். பழைய ஒபிஸ் 32 பிட், புதியது 64 பிட். விண்டோஸின் வேலை ஒன்றை மெக்ரோ, அதாவது தாளுக்குள் இருக்கும் அந்தக் குறியீடு, நேரடியாகக் கூப்பிடும் வரிகளில், 64 பிட்டுக்கு ‘பிடிஆர்சேஃப்’ என்ற ஒரு சொல் கூடுதலாக இருக்கவேண்டுமாம். எங்கள் தாளில் அப்படி ஒரேயொரு வரி. முதல் பிரதிக்கும் இரண்டாம் பிரதிக்கும் நடுவில் இரண்டு விநாடி உறங்கு என்று சொல்லும் வரி அது. இரண்டு விநாடி பொறுக்கச் சொல்ல வந்த வரி, ஐயாவை இரண்டு நாள் பொறுக்கவைத்தது.

64 பிட் ஒபிஸ் 2010-இலேயே வந்துவிட்டது. அந்தச் சொல்லும் அன்றிலிருந்தே இருக்கிறது. இத்தனை வருடத்தில் அந்தத் தாளை யாராவது ஒருதரம் திறந்து பார்த்திருக்கலாம். அதுவும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை எங்கள் கணினி ஒன்றில் புதிய ஒபிஸைப் போட்டுவிட்டு எனக்கு ஒரு அழைப்பு எடுத்திருந்தால், பச்சைப் பொத்தானை அழுத்திப் பார்த்து ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன்.

கொழும்பில் சோதித்தோம் என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் தலைமை அலுவலகத்தில் யாரும் நகை அடைவு பிடிப்பதில்லை, அந்தத் தாளைத் திறப்பதுமில்லை, டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் சத்தத்தைக் கேட்டே பல காலம் இருக்கும். குளிரூட்டிய அறையில், புதுக் கணினியில், வேர்டைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு ‘வெற்றி’ என்று எழுதுவது சோதனை ஆகுமா? 2024 ஜூலை 19-ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பெரிய பாதுகாப்பு நிறுவனமே ஒரு பிழையான கோப்பை ஒரே அடியாக எல்லோருக்கும் அனுப்பி, 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்கவைத்தது. அதற்குப் பிறகுதான், இனிமேல் கட்டம் கட்டமாக அனுப்புவோம் என்றார்கள். அவர்களுக்குப் பட்டபின் புத்தி வந்தது. இங்கே பட்டது வேறு யாரோ என்பதால்தானோ என்னவோ, இன்னும் சுற்றுநிருபம் வரவில்லை.

சொல்லத் தொடங்கியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் மாற்றித் தந்த கணினிகளில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு இல்லை. பத்து வருடத்து வாடிக்கையாளர் கடிதங்கள் முழுக்கப் பாமினியில் இருக்கின்றன, திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஓடுகிறது. ‘யாழ்ப்பாணம்’ என்ற ஒரு சொல்லிலேயே மூன்று அரைப்புள்ளி. அதற்கு முறைப்பாடு போட்டபோது, கோப்பு பழுதாகிவிட்டது, வைரஸ் இருக்கலாம், அழித்துவிடுங்கள் என்று பதில் வந்தது. அழிக்கவில்லை. பக்கத்துக் கடைத் தம்பியிடம் ஒரு பென்டிரைவில் எழுத்துருவை வாங்கிப் போட்டோம். வெளிப் பென்டிரைவ் செருகியதற்கு எனக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது, அது மட்டும் ஐந்து நிமிடத்தில்.

மன்னிக்கவேண்டும், எங்கேயோ போய்விட்டேன். உங்கள் பக்கத்திலும் ஆள் குறைவு, கிளைகள் அதிகம், மேலிடத்து நெருக்குதலும் இருக்கும். அதை அறியாதவள் இல்லை.

ஆகவே தாழ்மையுடன் கேட்பது: எங்கள் மூன்றாம் கவுண்டர்க் கணினியை உங்கள் சோதனைப் பட்டியலில் சேருங்கள். அதில் பச்சைப் பொத்தான் தாள் இருக்கிறது, பாமினி இருக்கிறது, பழைய பிரிண்டரும் அதில்தான் மாட்டியிருக்கிறது. அப்டேட்டை முதலில் அதற்கு மட்டும் அனுப்புங்கள், மற்றவற்றுக்கு ஒரு வாரம் கழித்து அனுப்பலாம். அந்த ஒரு வாரம் எதாவது உடைந்தால் நாங்கள் பக்கத்துக் கவுண்டரில் வேலையைப் பார்த்துக்கொள்வோம், வாடிக்கையாளருக்குத் தெரியவும் தெரியாது. நீங்கள் குறிக்கும் நாளில் நான் அரை மணி முன்னதாக வந்து, ஒரு பற்றுச்சீட்டு அடித்துப் பார்த்து, சரியா பிழையா என்று சொல்லுகிறேன். மேலதிக நேரக் கொடுப்பனவு வேண்டாம்.

அடுத்த அப்டேட் வரும் மாதம் என்று பட்டியலில் கண்டேன். அதற்கு முன் ஒரு பதில் எழுதுங்கள், முடிந்தால் மனிதர் எழுதியதாக.

இப்படிக்கு,
மூன்றாம் கவுண்டர்,
யாழ்ப்பாணக் கிளை