மறுதேர்வுத் தேதி மட்டும் போதாது: கல்வித் தகுநிலைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவம், செவிலியம், மருந்தியல், பல் மருத்துவம், இயன்முறை மருத்துவம் ஆகியவற்றைக் கற்பிக்கும் நிறுவனங்களின் கல்வித் தகுநிலைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

பருவத் தேர்வு முடிந்ததும் தேறாதவர்களின் பட்டியல் உங்கள் மேசைக்கு வருகிறது. பெயருக்கு நேரே பெரும்பாலும் எழுதப்படுவது இரண்டே விஷயம்: புரோபேஷன் (நிபந்தனையோடு படிப்பைத் தொடரவிடும் கண்காணிப்புக் காலம்), ஆறு வாரத்தில் மறுதேர்வு. அந்த ஆறு வாரத்தில் மாணவர் எதை, யாரிடம், எப்படிச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று எங்கும் எழுதப்படுவதில்லை. முன்பு படித்த விதமாகவே இன்னொரு முறை படித்துவிட்டு வருகிறார். மறுதேர்வு அளந்து பார்க்கும், அவ்வளவுதான். அது யாருக்கும் எதையும் கற்றுத்தராது. அந்த ஆறு வாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

முதலில் விடைத்தாளை எடுங்கள். தவறிய கேள்விகளில் பத்துப் பதினைந்தைத் தேர்ந்து, ஒவ்வொரு விடைக்கும் எப்படிப் போனார் என்று மாணவரையே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முக்கால் மணி நேரம் போதும். பாடமே தெரியாதவர், கேள்வியிலிருந்த ‘தவிர’ என்ற சொல்லைத் தவறவிட்டவர், சரியான விடையை அடித்துவிட்டு வேறொன்றைக் குறித்தவர், கடைசி இருபது கேள்விகளைத் தொடவே நேரமில்லாதவர் என நான்கு பேரும் அதே 44 மதிப்பெண்ணில் வந்து நிற்கலாம். நால்வருக்கும் ஒரே உதவி எப்படிப் பொருந்தும்?

மருந்தளவுக் கணக்கில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 250 மி.கி. கொடுக்க வேண்டும், கரைசலின் 5 மி.லி.யில் 125 மி.கி. இருக்கிறது என்றால் விடை 10 மி.லி. அதை 2.5 மி.லி. என்று எழுதியவர் தலைகீழாக வகுத்திருக்கிறார். விடை ஆயிரம் மடங்கு பிசகியவர் மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் குழப்பியிருக்கிறார். முதலாமவருக்கு, கணக்கைத் தொடங்கும் முன்பே ‘விடை 5 மி.லி.யைவிடக் கூடுமா, குறையுமா’ என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் வர வேண்டும். இரண்டாமவருக்கு அலகு மாற்றம் மட்டும் தினமும் பத்துக் கணக்கு. பாடநூலை முதலிலிருந்து படிக்கச் சொல்வது இருவருக்குமே வீண்.

கேட்க வேண்டியவற்றையெல்லாம் வரிசை மாறாமல் நோயாளியிடம் கேட்டுவிட்டு, கடைசியில் அவரைப் பற்றி ஒரு வரிச் சுருக்கம் சொல்ல முடியாமல் திணறும் மாணவர்களை எல்லாப் பயிற்றுநர்களும் அறிவார்கள். ‘இன்னும் நிறைய கேஸ் பார்’ என்பதே அவர்களுக்குக் கிடைக்கும் வழக்கமான அறிவுரை. மனதில் எந்தச் சந்தேகமும் இல்லாமல் தகவல் திரட்டுபவர் நூறு கேஸ் பார்த்தாலும் அதே மாதிரிதான் திரட்டுவார். இரண்டாவது நிமிடத்திலேயே நிறுத்தி, என்னவாக இருக்கலாம் என்று மூன்று நோய்களை எழுதச் சொல்லுங்கள். அதன்பின் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அந்த மூன்றில் எதற்கு வலுச் சேர்க்கிறது, எதை விலக்குகிறது என்று அவரே சொல்லட்டும். பயிற்றுநர் பக்கத்திலிருந்து அங்கேயே திருத்த வேண்டும். தனியே விட்டால் பழைய வரிசைக்கே திரும்பிவிடுவார்.

தூக்கமின்மை, பகுதிநேர வேலை, மனச்சோர்வு, அதுவரை கண்டறியப்படாத வாசிப்புக் குறைபாடு ஆகியவையும் காரணமாக இருக்கலாம். இவற்றை விசாரிப்பவரே மதிப்பெண்ணும் போடுபவர் என்றால் மாணவர் வாய் திறக்கமாட்டார். ஆலோசகரும் தேர்வாளரும் வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும்.

பயிற்சித் திட்டம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். குறை என்ன, வாரந்தோறும் என்ன செய்ய வேண்டும், யார் பார்ப்பார், எதைக் காட்டினால் தேறியதாகக் கொள்ளப்படும் என்பவை அதில் இருந்தால் போதும். புத்தகத்தை மூடிவைத்து இருபது கேள்விகளுக்கு விடை எழுதுவது, தவறியவற்றை இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் மீண்டும் எழுதுவது என்று படிப்பை அமையுங்கள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். படித்த சூட்டில் எல்லாம் தெரிந்ததுபோல இருப்பதால்தான் மாணவர்கள் மறுவாசிப்பை விட மறுக்கிறார்கள்.

இத்தனையையும் அடுத்த பருவத்தின் முழுப் பாடச்சுமைக்கு மேல் ஏற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ஒரு பாடத்தை மீட்கப் போய் இரண்டை இழக்கிறார்கள். புரோபேஷன் கடிதத்திலேயே எந்தப் பாடம் தள்ளிவைக்கப்படுகிறது என்று எழுதுங்கள்.

எல்லைக்கோட்டில் நிற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தேர்வின் திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு) 10, நம்பகக் கெழு (மீண்டும் வைத்தாலும் அதே முடிவு வருமா என்பதன் அளவு; முழு நம்பகம் என்றால் 1) 0.84 என்றால் அதன் அளவீட்டுப் பிழை, அதாவது ஒருவரின் மதிப்பெண் தற்செயலாக ஏறியிறங்கும் அளவு, 4 மதிப்பெண். தேர்ச்சி 50 எனில், 48 எடுத்தவரையும் 51 எடுத்தவரையும் அந்த ஒரு தேர்வை வைத்துப் பிரிக்க முடியாது. இதற்காகத் தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லவில்லை. 51 எடுத்தவருக்கும் உதவி தேவைப்படலாம். அவர் இப்போது யார் கண்ணிலும் படாமல் அடுத்த ஆண்டுக்குப் போய்விடுகிறார்.

செய்முறைத் தேர்வில் ஒரு நிலையத்தில் (ஒரு கேஸையோ ஒரு செயலையோ செய்துகாட்டும் இடம்) தவறியவருக்கு அதே நிலையத்தை மறுபடி வைப்பதால் பயனில்லை. ஒரு கேஸில் நன்றாகச் செய்பவர் இன்னொன்றில் தடுமாறுவது சாதாரணம். அதே திறனை வேறு வேறு கேஸ்களில், மூன்று நிலையங்களிலாவது, அவரை அறியாத தேர்வாளர்கள் பார்க்கட்டும்.

நடத்தைக் குறையை மதிப்பெண்ணோடு கலக்காதீர்கள். எடுக்காத இரத்த அழுத்தத்தை எடுத்ததாகக் குறிப்பேட்டில் எழுதியவருக்குக் கூடுதல் வகுப்பு மருந்தாகாது. அதற்குத் தனி விசாரணை வேண்டும். பின்னாளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான மருத்துவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்ட ஓர் அமெரிக்க ஆய்வு 2005இல் வெளியானது. மாணவப் பருவத்திலேயே நடத்தைக் குறை பதிவாகியிருந்ததற்கும் பிந்தைய நடவடிக்கைக்கும் வலுவான தொடர்பு இருந்ததை அது காட்டியது. பதிவாகியிருந்தால்தான் பார்க்கவும் முடியும். நான்கு வார மருத்துவமனைப் பயிற்சியில் இரண்டாம் வாரக் கடைசிக்குள், நேரில் கண்ட ஒரு செயலையாவது பயிற்றுநர் எழுதித்தர வேண்டும் என்று விதியாக்குங்கள். ‘ஆர்வம் போதாது’ என்ற குறிப்பை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது.

எல்லாம் செய்தபிறகும் சிலர் தேறமாட்டார்கள். அவர்களை இரக்கத்தால் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பது அவர்களுக்கும் நன்மையில்லை, அவர்கள் கையில் வரப்போகும் நோயாளிகளுக்கும் நன்மையில்லை. எத்தனை முயற்சி, எந்த நிலையில் விலக்கல் என்பது சேரும்போதே எழுத்தில் இருக்கட்டும். விலக்கும் கடிதத்தில் காரணம், மேல்முறையீட்டுக்கான கெடு, முடித்த பாடங்களுக்கான சான்று, மாறிச் சேரக்கூடிய படிப்புகள், பேச வேண்டியவரின் தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். வார இறுதிக்கு முந்தைய மாலையில் மின்னஞ்சலாக அனுப்பிவிடாமல், மறுநாளும் அலுவலகம் திறந்திருக்கும் ஒரு நாளில் ஒருவர் நேரில் உட்கார்ந்து கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
சுகாதாரத் துறைக் கல்வியின் பயிற்றுநர்கள், மாணவர் ஆலோசகர்கள்