தீவன ரகங்களுக்கு நிலையான விளைச்சலே தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பசுந்தீவனத்தைக் குழியில் காற்றுப் புகாமல் அடைத்துப் பதப்படுத்தும் ஊறுகாய்ப்புல்லுக்கு ஏற்றதென ஆப்பிரிக்கன் டால் என்னும் மக்காச்சோள ரகத்தைப் பரிந்துரைப்போர், ஹெக்டேருக்கு 40 டன் பசுந்தீவனம் கிடைக்கும் என்கின்றனர். தாமிரபரணிப் பாசனத்துக்கு அது பொருந்தலாம். வடகிழக்குப் பருவமழையை மட்டுமே நம்பி ஐப்பசியில் விதைக்கும் மானூர்ப் பக்கத்து மானாவாரிப் புஞ்சைகளுக்குப் பொருந்தாது. பூக்கும் பருவத்தில் மழை தவறினால் மக்காச்சோளக் கதிரில் மணி பிடிக்காது, மாவுச்சத்தும் குறைந்துவிடும். சோளமோ வறட்சியை ஓரளவு தாங்கி நின்று, அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். கடன் வாங்கிக் கறவை மாடு வளர்ப்பவருக்கு, மழை பொய்த்த ஆண்டில் எவ்வளவு தேறும் என்பதே முதல் கேள்வி.

பச்சை எடையில் நீரும் சேர்ந்திருப்பதால், அதை மட்டும் பார்ப்பதும் தவறு. நறுக்கிய தட்டையைக் கைக்குள் இறுக்கிப் பிடித்து விட்டால் உருண்டை மெல்லப் பிரிய வேண்டும்; விரலிடுக்கில் நீர் வடிந்தால், அது குழியில் கெட்டுப்போகும்.

எனவே, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் ஒவ்வொரு ரகத்துக்கும் உலர் எடையையும், பல ஊர்களில் பல ஆண்டுகள் நடந்த சோதனைகளில் கிடைத்த மிகக் குறைந்த விளைச்சலையும் சேர்த்தே வெளியிட வேண்டும். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் கே 12 போன்ற மானாவாரிச் சோள ரகங்களும் அந்த அட்டவணையில் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மானூர், திருநெல்வேலி மாவட்டம்.