ஈரச்சாக்கு தந்த ஆச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள திருகோணமலை மக்களுக்கு,

நாங்கள் கராஜில் சொந்தமாகச் செய்த வண்டி வந்து சேர்ந்துவிட்டது. மீற்றரில் 10,000 கிலோமீற்றர் விழுந்ததை நேற்று நீங்களே குனிந்து குனிந்து பார்த்தீர்கள். கடைசி வாரம் நாங்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும், அதைத் திரும்ப எழுதவில்லை.

எழுத வேண்டியது தம்பலகாமத்தில் தயிர் விற்கும் ஆச்சியைப் பற்றி. கந்தளாய்ப் பக்கமிருந்து வரும்போது, மத்தியான வெயிலில், எஞ்சின் திணறித் திணறி நின்றது. தாங்கியில் பெற்றோல் இருந்தது, பிளக்கில் நெருப்பும் வந்தது. பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்கு மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. தாங்கியிலிருந்து பெற்றோலை இழுக்கும் பம்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று எங்கள் மூன்று பேருக்கும் சண்டை. ஆச்சி குடையோடு வந்தார், பம்பைத் தொட்டார், கையை உதறினார். "இந்தச் சூட்டில என்ர தயிரே புளிச்சுப்போகும், தம்பி" என்றார். சட்டிகளுக்கு மேல் போட்டிருந்த ஈரச்சாக்கில் ஒன்றை உருவி வந்து பம்பில் சுற்றச் சொன்னார். சுற்றினோம். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது! காசு நீட்டினோம், வாங்கவில்லை. வீடு வந்து சேருவதற்குள் இன்னும் இரண்டு தரம் நிறுத்தி அதே சாக்கை நனைத்துப் போட்டோம்.

சூட்டில் குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகிவிட்டால் பம்பு இழுக்கும், ஆனால் ஒன்றும் ஏறாது. இது எங்களுக்குத் தெரியாத விசயமில்லை. பழைய மாருதி 800 எஞ்சினை நாங்களே வெல்ட் பண்ணிய சட்டத்தில் ஏற்றியபோது, இடம் போதாமல் பெற்றோல் குழாயைப் புகைக்குழாய்க்குப் பக்கத்தால் கொண்டுபோனதும் நாங்கள்தான். பதற்றத்தில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது, ஆச்சிக்குச் சூடு மட்டும் சரியாகத் தெரிந்தது.

வழியில் இப்படி உதவி கிடைத்தது எங்களுக்கு மட்டுமில்லை. 1888இல் ஜெர்மனியில் பெர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில் இரண்டு பையன்களோடு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடினார். வழியில் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார், செருப்புத் தைப்பவர் ஒருவர் பிரேக் கட்டைக்குத் தோல் அடித்துக் கொடுத்தார். அந்த மருந்துக்கடையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குச் செருப்புத் தைத்தவரைத்தான் பிடிக்கும்.

சரி, மற்றவர்கள். ஸ்பிரிங் தாங்கியில் வெடிப்பு விழுந்த இரவு கடையைத் திறந்து வெல்டிங் பிடித்துத் தந்த கிண்ணியா நானா, கிரீஸ் தந்த மூதூர் படகு எஞ்சின்காரர்கள், புல்மோட்டை றோட்டில் தள்ளிவிட்ட பள்ளிக்கூடப் பையன்கள், ஒவ்வொரு ஆயிரம் கிலோமீற்றருக்கும் ஒயில் மாற்றி, நட்டுகளை இறுக்கி, கொப்பியில் குறித்துவைத்த எங்கள் கராஜ் தம்பி, உப்புக்காற்றில் துருப்பிடித்த போல்ட்டுகளைப் பார்த்துப் பார்த்து நான் திட்டியதைக் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி. எல்லோருக்கும் நன்றி.

குழாயை இனி மற்றப் பக்கத்தால் கொண்டுபோவோம், நடுவில் தகரமும் அடிப்போம். அது முடியும்வரை வண்டி கராஜை விட்டு இறங்காது.

ஆச்சி, உங்கள் சாக்கு எங்களிடம்தான் இருக்கிறது. மூன்று தரம் தோய்த்தும் பெற்றோல் மணம் போகவில்லை, இனித் தயிருக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை புதுச்சாக்கோடு வருகிறோம். இரண்டு சட்டி எடுத்துவையுங்கள், அதற்காவது காசு வாங்க வேண்டும்.