விடுமுறைப் பயணத்தில் இரண்டு வீடுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடை வந்துவிட்டால் வெளிநாட்டுப் பயணம் பற்றி வரும் கட்டுரைகள் எல்லாம் டிக்கெட், விசா, பார்க்க வேண்டிய இடங்கள் என்பதோடு முடிந்துவிடுகின்றன. ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு அது போதும். ஆனால் திருச்சி, சென்னை, கோவையிலிருந்து சிங்கப்பூர் போகும் குடும்பங்களில் பல, அங்கே இருக்கும் நண்பர் வீட்டில் தங்கத்தான் போகின்றன. அவர்கள் கவலைப்பட வேண்டியது இரண்டு வீடுகளைப் பற்றி: பூட்டிவிட்டுப் போகும் வீடு, போய்த் தங்கும் வீடு. தங்கள் கோடைச் சிறப்புப் பக்கங்களில் இதற்கும் இடம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

முதலில் தேதி. நம் பள்ளிகளுக்கு ஏப்ரலில் விடுமுறை தொடங்கி ஜூன் தொடக்கத்தில் முடிகிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நடுவாண்டு விடுமுறை மே மாதக் கடைசியில் தொடங்கி நான்கு வாரம் நடக்கும். இரண்டும் ஒன்றாக வருவது சில நாட்கள்தான். மே நடுவில் போனால் நமக்கு விடுமுறை, அவர்களுக்கு வேலை நாள். "எப்போ வரலாம்?" என்று கேட்டால் எந்த நண்பரும் "எப்ப வேணும்னாலும் வாங்க" என்றுதான் சொல்வார். "பிள்ளைங்களுக்கு ஸ்கூல் எப்போ மூடுறாங்க, உங்களுக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும்?" என்று கேளுங்கள், சரியான பதில் அப்போதுதான் வரும். வெள்ளிக்கிழமை போய், அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை திரும்பினால் இரண்டு வார இறுதிகள் கிடைக்கும். அதற்கு மேல் தங்குவது, எவ்வளவு நெருங்கிய நட்பாக இருந்தாலும், அந்த வீட்டுக்குச் சுமைதான்.

இனி வீட்டைப் பூட்டுவது. இதைக் கிளம்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

பூட்டிய வீட்டை அதிகம் கெடுப்பது தண்ணீர். கழிவறையில் கையால் அழுத்தும் ஹெல்த் ஃபாசெட் இருக்கிறதே, அதன் வளையும் குழாயில் எந்நேரமும் தொட்டித் தண்ணீரின் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். நட்டுப் பக்கத்தில் விரிசல் விட்டால் மாடித் தொட்டியின் 1,000 லிட்டரும் வீட்டுக்குள் இறங்கும். தானாக ஓடும் மோட்டார் கன்ட்ரோலரை அணைக்காமல் போயிருந்தால் தொட்டி காலியாகக் காலியாக மோட்டார் ஏற்றிக்கொண்டே இருக்கும். சம்ப்பும் வற்றிப்போனால் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடி, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகும். பிளைவுட் அலமாரியின் அடிப்பகுதி உப்பிப் பிளந்துவிடும். ஆகவே மாடித் தொட்டிக்குக் கீழே உள்ள கேட் வால்வை மூடுங்கள். பல வருடம் திருப்பாத வால்வு முழுதாக மூடாது. ஒரு வாரம் முன்பே மூடிப் பார்த்து, சமையலறைக் குழாயைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் கவனியுங்கள். அப்போதும் சொட்டிக்கொண்டிருந்தால் பிளம்பரைக் கூப்பிட உங்களுக்கு நாள் இருக்கிறது. வால்வே இல்லாத வீடுகளில் ஒவ்வொரு கழிவறையின் ஆங்கிள் காக்கையும் மூட வேண்டும். வாஷிங் மெஷின் குழாயையும் சேர்த்துத்தான். மெஷின் மூடியைத் திறந்தே விடுங்கள், இல்லாவிட்டால் ரப்பரில் பூசணம் பிடிக்கும்.

அடுத்தது பலருக்குத் தெரியாத ஒன்று. குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்குக் கீழே நானி ட்ராப் இருக்கிறது. அதில் சுமார் 2 அங்குலம் தண்ணீர் எப்போதும் நிற்கும். சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். மே மாத வெயிலில் ஆள் இல்லாத வீட்டில் அது வற்றிவிடும். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் வீசும் நாற்றத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி பழைய சமையல் எண்ணெயை விடுங்கள். எண்ணெய் மேலே படர்ந்து தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கும். ஜாலிமீது ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, மேலே மரப்பலகையோ செங்கல்லோ வைத்தால் போதும். பாத்திரம் கழுவும் சிங்க்கின் வடிகாலுக்கும் இதே வைத்தியம்.

கேஸ் சிலிண்டருக்கு ரெகுலேட்டரை மூடினால் மட்டும் போதாது. அதைக் கழற்றி, வால்வுமேல் கயிற்றோடு தொங்கும் பிளாஸ்டிக் மூடியை அழுத்தி மாட்டுங்கள். அந்த மூடியைத் தொலைத்தவர்கள் அடுத்த சிலிண்டர் வரும்போதாவது பத்திரப்படுத்த வேண்டும்.

ஃபிரிட்ஜை ஓடவிட்டுப் போவதா, அணைத்துவிட்டுப் போவதா? பத்து நாளுக்கு மேல் என்றால் அணைப்பதே நல்லது. எல்லாவற்றையும் காலி செய்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் துடைத்து, உலர்ந்த பிறகு கதவுக்கு இடையில் சுருட்டிய துண்டை வைத்து ஒரு கை அகலம் திறந்தே விடுங்கள். மூடி வைத்தால் பூசணவாடை ரப்பரில் ஏறிவிடும், பிறகு போகாது. பின்புறம் தண்ணீர் சேரும் தட்டை மறக்காமல் கவிழ்த்துத் துடையுங்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையிட அந்த ஒரு டம்ளர் தண்ணீர் போதும். பூந்தொட்டிகளின் அடித்தட்டும் அப்படித்தான். ஃபிரிட்ஜை ஓடவிடத்தான் வேண்டும் என்றால், ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பும்போது நாணயம் அடியில் கிடந்தால், நீண்ட நேரம் மின்சாரம் போய், எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். உள்ளே இருப்பதைத் தூக்கி எறியுங்கள்.

இன்வெர்ட்டரில் தவறு செய்கிறவர்கள் அதிகம். பாதுகாப்பு என்று மெயினை இறக்கிவிட்டுப் போனால், இன்வெர்ட்டர் அதை மின்வெட்டு என்று எடுத்துக்கொண்டு தன் லைனில் உள்ளவற்றுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கும். இணையப் பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தாலே நாளடைவில் பேட்டரி முழுதாக இறங்கிவிடும். இறங்கிய பேட்டரி பல நாள் அப்படியே கிடந்தால் தகடுகள் கெட்டுப்போகும், பிறகு பழையபடி சார்ஜ் பிடிக்காது. மெயினை இறக்குவதானால், பேட்டரி நிறைந்த பிறகு இன்வெர்ட்டரின் முன்பக்க ஸ்விட்சையும் அணையுங்கள். இல்லையென்றால் இன்வெர்ட்டருக்கு மட்டும் மின்சாரம் விட்டு மற்றவற்றை அணைக்கலாம். எதைச் செய்தாலும் டிஸ்டில்டு வாட்டர் அளவை முதலில் பாருங்கள்.

மின்கட்டணக் கெடு பயணத்துக்கு நடுவில் விழுகிறதா என்று பார்த்து முன்பே கட்டிவிடுங்கள். அரிசி டிரம்மில் காய்ந்த மிளகாயும் உலர்ந்த வேப்பிலையும், ரவையை வறுத்து ஆறவைத்து டப்பாவில். இரும்புத் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் தடவிப் பழைய தாளில் சுற்றுங்கள். துளசி, கறிவேப்பிலைத் தொட்டிகளை நிழலில் ஒன்றுகூட்டி, ஸ்டூல்மேல் ஒரு வாளி தண்ணீர் வைத்து, அதிலிருந்து பருத்திக் கயிறுகளை ஒவ்வொரு தொட்டியின் மண்ணுக்குள்ளும் புதையுங்கள். வாளி தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பால்காரரிடமும் நாளிதழ் முகவரிடமும் சொல்லி நிறுத்துங்கள், வாசலில் குவியும் தாள் பூட்டிய வீட்டைக் காட்டிக்கொடுக்கும். ஊருக்குப் போகும் தகவலை உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டும் போகலாம்.

பெட்டி கட்டும்போது கைப்பழக்கத்தில் செய்யும் தவறுகள் சில. கற்பூரம் எளிதில் தீப்பிடிக்கும் பொருள், விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கூடாது. எண்ணெய் நிறைந்த கொப்பரைக்கும் அதே காரணத்தால் அனுமதி இல்லை. ஊறுகாயும் மிளகாய்ப்பொடியும் கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டியில் வையுங்கள். பவர் பேங்க் அதற்கு நேர்மாறு, கைப்பையில்தான் இருக்க வேண்டும். கசகசாவில் மார்ஃபின் எச்சம் இருக்கக்கூடும் என்பதால் சிங்கப்பூரில் அது போதைப்பொருள் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. குருமா மசாலாப்பொடி அரைத்துக் கொண்டுபோகிறவர்கள் கசகசாவை விட்டுவிட்டு அரையுங்கள். சூயிங் கம்மைக் கொண்டுசெல்ல 1992 முதல் தடை. மெல்லும் புகையிலை எந்த வடிவிலும் கூடாது. அனுமதி பெற்ற இடங்களிலிருந்து வரும் இறைச்சியை மட்டுமே அந்நாடு ஏற்பதால் சிக்கன் ஊறுகாயும் மட்டன் தொக்கும் வீட்டிலேயே இருக்கட்டும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டியிருக்கலாம், மருத்துவர் சீட்டு மட்டும் போதாது. சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்புவது இலவசம். வருகை நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல.

என்ன பலகாரம் கொண்டுபோவது? தேக்கா சந்தையிலும் லிட்டில் இந்தியா கடைகளிலும் கிடைக்காத மளிகை அரிது. ஐந்து கிலோ பருப்பைச் சுமப்பதில் பொருள் இல்லை. வீட்டில் செய்த கறிவேப்பிலைப்பொடி, சுண்டைக்காய் வற்றல், கூழ்வடகம் இவைதான் அங்கே அருமை. சிங்கப்பூர்க் காற்றில் எப்போதும் ஈரப்பதம் அதிகம், ஒரு கிலோ முறுக்குப் பொட்டலத்தைத் திறந்தால் மறுநாளே நமத்துப்போகும். 200 கிராம் பைகளாகப் பிரித்துக் கட்டுங்கள். பொடியை முழுதாக ஆறிய பிறகே அடைக்க வேண்டும், சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டிபிடிக்கும். ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பாமல் ஓர் அங்குலம் இடம்விட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு உறைகளில் போடுங்கள்.

இனி அந்த வீடு. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. பெரும்பாலும் ஏழரை மணிக்குப் பள்ளி தொடங்கும். பிள்ளைகள் ஆறரைக்குக் கிளம்பும்போது நம் உடம்புக்கு விடிகாலை நான்கு மணி. இரவு பதினொன்றரைக்கு நமக்கு ஒன்பது மணிதான் ஆகியிருக்கும், பேச்சு களைகட்டும் நேரம். ஆனால் அரசுக் குடியிருப்பான எச்.டி.பி. வீடுகளில் இரவு நேரத்தில் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாகச் சத்தம் போடக் கூடாது. விமானத்திலேயே கடிகாரத்தை மாற்றிக்கொண்டு, முதல் இரவே பத்தரைக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். காலை ஐந்தரை முதல் ஏழுவரை குளியலறை வீட்டுக்காரர்களுக்கு.

வெந்நீர் ஹீட்டருக்குக் குளியலறைக்கு வெளியே விளக்கெரியும் ஸ்விட்ச் இருக்கும், குளித்து முடித்ததும் அணைக்க வேண்டும். ஏ.சி. போட்டால் ஜன்னலை மூடி 25 டிகிரியில் வையுங்கள். அங்கே மின்சாரம் விலை அதிகம். நம் உருண்டை முள் பிளக் அங்கே நுழையாது, பட்டையான மூன்று முள் கொண்ட அடாப்டரை இரண்டாக வாங்கிப் போங்கள், வீட்டுக்காரர்களுடையதைப் பிடுங்க வேண்டியிருக்காது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டியதில்லை. தாளிக்கும்போது அடுப்புக்கு மேலே உள்ள புகைபோக்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். குப்பைத் துவாரம் பழைய கட்டடங்களில் சமையலறைக்குள்ளும் புதியவற்றில் வெளித் தாழ்வாரத்திலும் இருக்கும். எதுவானாலும் பையில் கட்டித்தான் போட வேண்டும், சாம்பார் மிச்சத்தை அப்படியே கொட்டினால் கரப்பான் வரும்.

தங்கியதற்கு என்று பணம் நீட்டாதீர்கள். நண்பருக்கு மனம் நோகும் என்பதோடு, எச்.டி.பி. வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடவும் அங்கே சட்டம் இடம் தரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நாள் காய்கறி, மளிகைச் செலவை ஏற்றுக்கொண்டு இரவுச் சமையலையும் நீங்களே செய்யுங்கள். வேலை நாட்களில் பகலில் எம்.ஆர்.டி. ரயில் பிடித்து நீங்களே ஊர் சுற்றுங்கள். ரயிலுக்குள் தண்ணீர் குடித்தாலும் அபராதம், குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். கிளம்பும் நாளில் படுக்கை விரிப்புகளை உருவி மடித்து வைத்து, எப்போது துவைக்கலாம் என்று கேளுங்கள். நீங்களாகவே மெஷினை ஓட்டிவிட வேண்டாம்.

ஊர் திரும்பியதும் ஸ்விட்சைத் தொடும் முன் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மோட்டார். ஆர்.ஓ. கருவியில் தேங்கிய தண்ணீரையும் அடுத்து நிறையும் ஒரு தொட்டியையும் வீட்டு வேலைக்கு ஊற்றிவிடுங்கள், குடிக்க வேண்டாம். ஃபிரிட்ஜைப் போட்டு நாலு மணி நேரம் போன பிறகுதான் உள்ளே எதையும் வைக்கலாம். நள்ளிரவு விமானத்தில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கடை ஏதும் திறந்திருக்காது. பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுக்கும்போதே, திரும்பும் நாளைச் சொல்லி அரை லிட்டர் பாலும் ஒரு தூக்கு இட்லி மாவும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி.